இரண்டே இரண்டு புத்தகங்கள்!

வீட்டில் தட்டு இல்லை, கரண்டி இல்லை. இரண்டு புத்தகங்கள் மட்டும் இருந்தன. ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி ஒருவரை அவை உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆக்கின. அவர் எழுதிய நூல் கடல் கடந்து நெல்லைச் சீமைக்கு வந்தது. அங்கே ஒரு தமிழ்ப் புலவரின் மனதைத் தொட்டது.

ஆன்மிக நூலைப் படிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா?

கோவை உக்கடத்தை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் பஸ் ஏற இங்கேதான் வர வேண்டும். ஒரு பக்கம் பெரியகுளம். இன்னொரு பக்கம் மீன் மார்க்கெட். பழைய புத்தகக் கடைகளுக்கும் உக்கடம் பெயர் பெற்றது. ஒருவர் படித்து முடித்த புத்தகம் இன்னொருவர் கைக்குப் போகும் இடம் அது.

உக்கடத்திலிருந்து நடந்தே பெரிய கடை வீதிக்குப் போய்விடலாம். அங்கே கத்தோலிக்கர்களின் புனித மிக்கேல் பேராலயம் நிற்கிறது. கோவையில் மற்றக் கிறிஸ்தவ சபைகளின் கோயில்களும் பல உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புத்தகம்தான் வேதாகமம். பைபிள் என்றும் சொல்வார்கள்.

எடுத்துப் போகும் புத்தகம் சரி. அதை வீட்டில் படிப்பது எப்படி? “நான் எழுத்துக் கூட்டித்தானே படிக்கிறேன், எனக்கு இந்தப் பெரிய புத்தகம் புரியுமா?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. “தினமும் படிக்கிறேன், மனதில் ஒன்றும் நிற்கவில்லையே!” என்று வருந்துகிறவர்களும் உண்டு.

இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்லக்கூடியவர் அந்தப் பாத்திரத் தொழிலாளி. அவர் பெயர் ஜான் பனியன்.

மனைவி கொண்டுவந்த சீதனம்

பனியன் இங்கிலாந்துக்காரர். 1628-ஆம் ஆண்டு பெட்ஃபோர்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பாவுக்கும் பாத்திரம் பழுது பார்க்கும் தொழில்தான். பனியன் சிறு வயதில் சிறிது காலம் பள்ளிக்கூடம் போனார். படித்ததையும் பிறகு மறந்துவிட்டார்.

இளமையில் அவர் சாது அல்ல. வாயைத் திறந்தால் வசவுதான் வரும். விளையாட்டும் வேடிக்கையுமாகப் பொழுது போயிற்று. சுமார் 20 வயதில் ஓர் ஏழைப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரிடமும் தட்டு, கரண்டி கூட இல்லாத அளவுக்கு வறுமை என்று பனியனே பின்னால் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தப் பெண் வெறுங்கையோடு வரவில்லை. அவள் தகப்பனார் இறக்கும்போது இரண்டு புத்தகங்களை அவளுக்கு விட்டுப் போயிருந்தார். அவற்றைக் கொண்டுவந்தாள். எளிய மனிதன் மோட்சத்துக்குப் போகும் பாதையைச் சொல்வது ஒன்று. பக்தியாக நடந்துகொள்வது எப்படி என்று சொல்வது மற்றொன்று. கணவனும் மனைவியும் உட்கார்ந்து அவ்வப்போது அவற்றைப் படித்தார்கள்.

அந்த மனைவியின் பெயர் சரித்திரத்தில் இல்லை. அவள் எப்படி இருந்தாள் என்பதற்கும் குறிப்பு இல்லை. அவள் கொண்டுவந்த இரண்டு புத்தகங்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

திண்ணைப் பேச்சு

இரண்டு புத்தகங்களையும் படித்ததும் பனியன் ஒரே நாளில் மாறிவிட்டாரா? இல்லை. படிக்க நன்றாக இருந்தது. கோயிலுக்குப் போகும் பழக்கம் வந்தது. ஆனாலும் உள்ளம் அசையவில்லை. அவரே அப்படித்தான் சொல்கிறார்.

ஒரு நாள் பெட்ஃபோர்டில் வேலைக்குப் போனபோது, ஒரு வீட்டு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நம் ஊர்த் திண்ணைப் பேச்சு போலத்தான். ஆனால் அவர்கள் பேசியது ஊர் வம்பு அல்ல. கடவுள் தங்கள் உள்ளத்தில் செய்த காரியங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பனியன் நின்று கேட்டார். தான் புத்தகத்தில் படித்த விஷயம் இவர்கள் வாழ்க்கையில் நடந்திருக்கிறது என்று கண்டார். அன்று முதல் அவருக்கு நிம்மதி இல்லை. வேதாகமத்தை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். சில வசனங்கள் அவரைத் தேற்றின. சில வசனங்கள் அச்சுறுத்தின. சில ஆண்டுகள் இந்தப் போராட்டம் நடந்தது. அதன் பிறகே மனம் தெளிந்தது.

புத்தகம் விதையைப் போட்டது. நல்லவர்களின் பேச்சு தண்ணீர் விட்டது. பயிர் வளர ஆண்டுகள் ஆயின.

சிறையில் முளைத்த கதை

பனியன் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பேசுவது அப்போது குற்றம். 1660-ல் அவரைக் கைது செய்தார்கள். “இனிமேல் பேச மாட்டேன் என்று சொல், விட்டுவிடுகிறோம்” என்றார்கள். அவர் சொல்லவில்லை.

முதல் மனைவி அதற்குள் இறந்துவிட்டாள். இரண்டாம் மனைவி எலிசபெத்தும் நான்கு குழந்தைகளும் வீட்டில் இருந்தார்கள். மூத்த பெண் மேரிக்குப் பார்வை கிடையாது. அந்தக் குழந்தையை நினைக்கும்போதுதான் அவர் நெஞ்சு உடைந்தது. சிறையில் இருந்துகொண்டே பூட்ஸ் கயிறுகளுக்கு முனை கட்டி, அந்தக் கூலியைக் குடும்பத்துக்கு அனுப்பினார். 1672 வரை, ஏறக்குறைய 12 ஆண்டுகள் சிறைவாசம்.

சிறையிலும் அவருக்குத் துணை இரண்டு புத்தகங்கள். ஒன்று வேதாகமம். மற்றொன்று விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களின் வரலாறு.

அவர் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ 1678-ல் வெளிவந்தது. முதுகில் பாவ மூட்டையைச் சுமந்த ஒருவன் நாச நகரத்தை விட்டு மோட்ச நகரத்தை நோக்கி நடக்கிறான். வழியில் சேறு, மலை, சந்தை, கோட்டை. துணைக்கு வருகிறவர்களும் உண்டு, ஏமாற்றுகிறவர்களும் உண்டு. கதை இவ்வளவுதான். வேலைக்காரர்கள் பேசும் எளிய பேச்சில் இதை எழுதினார். இன்று 200-க்கும் அதிகமான மொழிகளில் இந்த நூல் இருக்கிறது.

நெல்லைச் சீமையில் ஒரு புலவர்

அந்த மொழிகளில் தமிழும் ஒன்று.

1827-ல் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்ற ஊரில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பம். கம்ப ராமாயணத்தில் ஊறியவர். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர் ஆனார். கிறிஸ்தவர்களுக்குப் பாடம் சொன்னாரே தவிர, அவர்கள் மதத்தில் அவருக்கு நாட்டம் இல்லை.

தம்பி முத்தையா பிள்ளை முதலில் கிறிஸ்தவரானார். நண்பர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் பேச்சும், கைக்கு வந்த நூல்களும் கிருஷ்ண பிள்ளையைச் சிந்திக்க வைத்தன. அந்த நூல்களில் தமிழில் வந்திருந்த பனியனின் கதையும் ஒன்று. 1858-ல் சென்னையில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்று தமிழுலகம் அவரை அறியும்.

படித்ததை அவர் அப்படியே அலமாரியில் வைத்துவிடவில்லை. அந்தக் கதை பல ஆண்டுகள் மனதுக்குள் ஊறியது. பிறகு அதைத் தமிழ்க் காவியமாகப் பாடத் தொடங்கினார். முதலில் ‘நற்போதகம்’ என்ற பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்தது. 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற பெயரில் முழு நூலாக வெளிவந்தது. 3,700-க்கும் அதிகமான பாடல்கள்! ஆங்கிலக் கதை கம்பன் நடையில் தமிழ் உடை உடுத்திக்கொண்டது. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று அவரைப் புகழ்ந்தார்கள்.

பெயர் தெரியாத ஒரு மனைவி கொண்டுவந்த இரண்டு புத்தகங்கள் எங்கே! தாமிரபரணிக் கரைப் புலவர் எங்கே! நடுவில் 200 ஆண்டுகளுக்கு மேல். ஆனாலும் தொடர்பு அறுபடவில்லை.

போர் வீரரின் கால் முறிந்தது

இதே போன்ற இன்னொரு கதை கத்தோலிக்கர்களிடம் உண்டு. இது பனியனுக்கும் முந்தியது.

ஸ்பெயின் நாட்டில் இக்னேஷியஸ் லயோலா என்று ஒரு வீரர் இருந்தார். சண்டையும் புகழும்தான் அவருக்கு உயிர். 1521-ஆம் ஆண்டு பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை.

பொழுது போகவில்லை. வீர சாகசக் கதைகள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் அது ஒன்றுகூட இல்லை. இருந்தவை இரண்டே புத்தகங்கள். ஒன்று கிறிஸ்துவின் வரலாறு. மற்றொன்று அடியார்களின் வரலாறு. அவருடைய அண்ணி அவற்றைக் கொடுத்தார்.

வேறு வழி இல்லாமல் படித்தார். படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தார். சண்டை, புகழ், அரண்மனை என்று கனவு காணும்போது மனம் குதூகலப்பட்டது. கனவு முடிந்ததும் வறண்டு போயிற்று. அடியார்களைப் போல வாழ நினைத்தபோதும் மகிழ்ச்சி வந்தது. நினைப்பு முடிந்த பிறகும் அந்த மகிழ்ச்சி தங்கியது.

எந்தப் புத்தகத்துக்கும் இதுதான் உரைகல். படிக்கும்போது இனிப்பது பெரிதல்ல. மூடி வைத்த பிறகு மனதில் என்ன தங்குகிறது? அதைப் பாருங்கள்.

குணமாகி எழுந்தவர் வாளை விட்டார். அவர் தொடங்கிய இயேசு சபைக்கு 1540-ல் போப்பாண்டவர் அங்கீகாரம் அளித்தார்.

தமிழ் எழுத்து அச்சேறியது

அந்தச் சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் தமிழ்க் கடற்கரைக்கு வந்தார். போர்த்துகீசியரான அவர் தமிழைப் பழுதறக் கற்றார். முத்துக் குளிக்கும் துறை மக்கள் தங்கள் ஜெபங்களைத் தமிழிலேயே படிக்க வேண்டும் என்று விரும்பினார். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வந்தது.

மொத்தம் 16 பக்கம். சிறு புத்தகம்தான். ஆனால் பெருமை பெரிது. இந்திய மண்ணில், இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் அது. அந்தப் பெருமை தமிழுக்குக் கிடைத்தது.

1586-ல் அவருடைய இன்னொரு நூல் அச்சாயிற்று. அது எது? அடியார்களின் வரலாறு! கால் முறிந்த வீரரின் மனதை மாற்றியது எந்த வகை நூலோ, அதே வகை நூல் தமிழ் மீனவர்களின் கைக்கு வந்துவிட்டது.

மணலில் அ, ஆ எழுதியவர்

1706-ல் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கு என்ற இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. என்ன செய்தார்? சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதி எழுத்துப் படித்தார்.

மணலில் தொடங்கிய அந்தக் கை, வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதியது. 1715-ல் அது தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் வந்த முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

வளர்ந்த பிறகு எழுத்துப் படிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. தமிழ் வேதாகமத்தைத் தந்தவரும் அப்படிப் படித்தவர்தான்.

விவேகானந்தரின் மூட்டையில்

கிறிஸ்தவ நூலைக் கிறிஸ்தவர்கள்தான் படிக்க வேண்டும் என்பது இல்லை. சுவாமி விவேகானந்தர் கையில் காசு இல்லாமல் பாரதம் முழுவதும் சுற்றினார். அப்போது அவர் மூட்டையில் இருந்தவையும் இரண்டு புத்தகங்கள்தான். ஒன்று பகவத் கீதை. மற்றொன்று தாமஸ் கெம்பிஸ் எழுதியதாகச் சொல்லப்படும் ‘கிறிஸ்துநாதர் அனுசாரம்’. ஏசுநாதரின் வழியில் நடப்பது எப்படி என்று அது சொல்கிறது. அதில் ஒரு பகுதியை விவேகானந்தர் வங்காளியில் மொழிபெயர்த்தும் இருக்கிறார்.

தன் மதத்தில் ஊன்றி நின்றவர், பிற மதத்தின் நல்ல நூலையும் மடியில் வைத்துப் படித்தார்.

மாடு கற்றுத்தரும் பாடம்

இவர்கள் எல்லோரும் ஏராளமாகப் படித்ததால் உயர்ந்தவர்கள் அல்ல. கொஞ்சத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மனதில் போட்டு அசைபோட்டார்கள்.

அசைபோடுவது என்றால் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். காங்கேயம் மாடு பகலில் மேய்கிறது. பிறகு நிழலில் படுத்துக்கொண்டு, மேய்ந்ததை வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லுகிறது. மேய்ச்சல் பாதி வேலைதான். அசைபோட்டால்தான் உடம்பில் ஒட்டும்.

ஐரோப்பாவில் பழங்காலத் துறவிகள் இதே உவமையைத்தான் சொன்னார்கள். வேதம் வாசித்து மனதில் எண்ணிப் பார்ப்பதை அவர்கள் ‘அசைபோடுதல்’ என்றும் சொன்னார்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி அதை நான்கு படிகளாகப் பிரித்துச் சொன்னார்.

முதல் படி, வாசித்தல். சிறிய பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இரண்டாம் படி, தியானித்தல். இது எனக்கு என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி, ஜெபித்தல். மனதில் எழுந்ததைக் கடவுளிடம் சொல்ல வேண்டும்.

நான்காம் படி, மௌனமாக இருத்தல். பேச்சை நிறுத்தி, அவர் முன் சும்மா இருக்க வேண்டும்.

வேகமாகப் படிக்கிறவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்றுதானே தீர வேண்டும்? நிற்பதுதான் இங்கே தேவை!

எங்கே தொடங்குவது?

வேதாகமத்தைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நடுவில் சட்டங்களும் வம்ச வரலாறும் வந்ததும் களைத்துப் போய் மூடி வைக்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இப்படிச் செய்யலாம்.

நான்கு சுவிசேஷங்களில் சிறியது மாற்கு. 16 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் 16 நாளில் ஏசுநாதரின் வரலாறு முழுவதையும் படித்துவிடலாம்.

கதை பிடிக்கும் பிள்ளைகளுக்கு லூக்கா சுவிசேஷம். 10-ஆம் அதிகாரத்தில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை இருக்கிறது. 15-ஆம் அதிகாரத்தில் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகன் கதை இருக்கிறது.

மனக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் சங்கீதங்கள். மொத்தம் 150. நாளுக்கு ஐந்து வீதம் ஒரு மாதத்தில் முடியும். ஒன்று மட்டும் படித்தாலும் போதும்.

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். மாதத்தின் தேதியைப் பார்த்து அந்த எண்ணுள்ள அதிகாரத்தைப் படிக்கலாம்.

முழு வேதாகமத்தையும் படிக்க ஆசையா? புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள். அதற்கு இன்னும் சில வாரங்கள் கூடுதலாக வேண்டும். ஆனால் முடிக்க வேண்டுமே என்று ஓடக் கூடாது.

வீட்டோடு படியுங்கள்

பனியன் தனியாகப் படிக்கவில்லை. மனைவியோடு படித்தார். இது குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

பல கிறிஸ்தவ வீடுகளில் விளக்கு வைத்த பிறகு குடும்ப ஜெபம் நடக்கும். சில வீடுகளில் ஜெபமாலை சொல்வார்கள். அந்த நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். படிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும். படிக்காத அம்மாயி கேட்கட்டும். “கண்ணு, அந்த மகன் திரும்பி வந்தானே, அப்பன் என்னன்னு கேட்டாருங்கறே?” என்று அம்மாயி ஒரு கேள்வி கேட்டால் அதுவும் வாசிப்புத்தான். பிள்ளை பதில் தேடி மறுபடியும் படிக்கும்.

செல்போனில் இன்று வேதாகமம் முழுவதும் கிடைக்கிறது. கண் தெரியாதவர்கள் காதால் கேட்கவும் வசதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நடுவில் மணி அடித்தால் அசைபோட முடியாது. அந்தப் பத்து நிமிஷம் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள்.

படித்த பிறகு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: “இன்றைக்கு இதில் நான் செய்ய வேண்டியது என்ன?” பேசாமல் இருக்கும் பங்காளியிடம் பேசுவதாக இருக்கலாம். கடன் வாங்கியவனுக்கு இன்னும் ஒரு மாதம் தவணை கொடுப்பதாக இருக்கலாம். நல்ல சமாரியன் கதையைப் படித்துவிட்டு, ரோட்டில் விழுந்தவரைத் தாண்டிப் போனால் படித்தும் பயன் இல்லை.

பழைய புத்தகம் ஒன்று கை மாறும்போது விலை குறைகிறது. நல்ல வார்த்தை கை மாறும்போது அப்படிக் குறைவதில்லை. பெட்ஃபோர்டின் ஏழை வீட்டில் படித்தது பாளையங்கோட்டை வரை வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று இரவு சத்தமாகப் படிக்கப் போவது எது வரை போகுமோ, யார் கண்டார்கள்?

இரண்டு புத்தகங்கள் வேண்டும் என்பதுகூட இல்லை. ஒன்று போதும். ஒரு பக்கம் போதும். நிதானமாகப் படியுங்கள்.